விரல் தேய்ந்த கதை

"குஷ்டம் வந்தா விரல் தானா அழுகி விழுந்துடும்" என்ற பேச்சுக்குள் பாவம், ஊழ், ஊர்விலக்கம் மூன்றும் அடக்கம். 1946இல் வேலூர் வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்டும் குழுவினரும் இந்தச் சொல்லாடலை விசைக் கணக்கால் உடைத்தார்கள்.

நோய் தாக்குவது நரம்பை. உள்ளங்கையின் சிறுதசைகள் செயலிழக்க, விரல்கள் கொக்கியாக மடங்குகின்றன. சுத்தியலைப் பிடித்தால், கை முழுக்கப் பரவ வேண்டிய விசை விரல்நுனிகளில் குவிகிறது. பரப்பு குறைய அழுத்தம் ஏறுகிறது. வலி தெரியாததால் பிடி தளர்வதில்லை. புண், சீழ், அப்புறம் எலும்பும் கரைகிறது.

மூட்டுக்குள் விழும் சுமையோ கண்ணுக்குத் தெரியாது. தசைநாண் மூட்டை ஒட்டியே ஓடுவதால் நெம்புகோல் குட்டை. சின்னப் பிடிக்கும் பெரிய இழுப்பு வேண்டும். ஒரு கிலோ விசையில் கிள்ளினால் கட்டைவிரலின் அடிமூட்டில் சராசரியாக 12 கிலோ அமுங்குகிறது என்று 1977இல் மேயோ கிளினிக் ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். வேறொரு தசையின் நாணைத் திருப்பி விரலில் தைக்கும் வேலூர் அறுவைக்கும் நாணின் இழுப்பு, நகர்வு இரண்டும் தெரிந்தாக வேண்டும். பிராண்டின் 1985ஆம் ஆண்டு நூல் அந்த இயக்கவியலைத்தான் பேசுகிறது.

உடலை இயந்திரமாகப் பார்ப்பது அதிகாரத்தின் பார்வை என்று எழுதிப் பழகிவிட்டோம். இங்கே அந்தப் பார்வைதான் கையைப் பாவத்திலிருந்து பிரித்தெடுத்தது. ஆனா, அரசுக்கு அது எட்ட ரொம்பத் தாமதமாச்சு. தொழுநோயுற்ற ஏழைகளை அடைத்துவைக்க வழிசெய்த 1898ஆம் ஆண்டுச் சட்டம் 2016இல்தான் நீக்கப்பட்டது. தொழுநோயை விவாகரத்துக்குக் காரணமாக்கிய பிரிவுகள் 2019இல்தான் போயின. விரலை நிமிர்த்த அறுவை போதும். அந்த விரலுக்கு வேலை கொடுக்க ஊர் மனசு வைக்கணும்.