கடல் கடந்த சிறுவர்கள்: குற்றாலீஸ்வரனும் நெடுந்தூர நீச்சலும்

1994ஆம் ஆண்டில் ஆங்கிலக் கால்வாய் உட்பட ஆறு நீர்வழிகளை நீந்திக் கடந்து உலக சாதனை படைத்தார் சென்னையைச் சேர்ந்த குற்றாலீஸ்வரன். 1981 நவம்பரில் பிறந்த அவருக்கு அப்போது 13 வயது கூட நிறைந்திருக்கவில்லை. ஆனால், இருபது வயதை எட்டும் முன்னரே அவர் போட்டி நீச்சலிலிருந்து விலகிவிட்டார். நெடுந்தூர நீச்சலில் இளம் வயதிலேயே புகழ் பெறுவோரின் விளையாட்டு வாழ்க்கை ஏன் இவ்வளவு குறுகியதாக அமைகிறது என்ற கேள்வியை அவரது வரலாறு எழுப்புகிறது.

கோடைப் பயிற்சியிலிருந்து கடலுக்கு

1991ஆம் ஆண்டில் சென்னை மெரினாவில் உள்ள அண்ணா நீச்சல் குளத்தில் நடந்த கோடைக்காலப் பயிற்சி முகாமில்தான் குற்றாலீஸ்வரன் சேர்க்கப்பட்டார். வேகத்தை விட, நீண்ட நேரம் களைப்பின்றி நீந்தும் அவரது ஆற்றலே பயிற்சியாளர் கே.எஸ். இளங்கோவனின் கவனத்தை ஈர்த்தது. மூன்றே ஆண்டுகளில், 1994 ஏப்ரலில், அவர் பாக்கு நீரிணையைக் கடந்தார். அதே ஆண்டு ஆகஸ்டில் ஆங்கிலக் கால்வாயையும் கடந்தார்.

அதற்கு முன்னர், ஒரே ஆண்டில் ஐந்து நீர்வழிகளைக் கடந்தவர் என்ற சாதனை வங்காளத்தைச் சேர்ந்த மிஹிர் சென்னிடம் இருந்தது. அவர் 1966ஆம் ஆண்டில் பாக்கு நீரிணை, ஜிப்ரால்டர், டார்டனெல்ஸ், பாஸ்பரஸ் ஆகிய நீரிணைகளையும் பனாமா கால்வாயையும் நீந்திக் கடந்திருந்தார். 28 ஆண்டுகள் நிலைத்திருந்த அந்தச் சாதனையைத்தான் பள்ளி மாணவர் ஒருவர் முறியடித்தார். குற்றாலீஸ்வரனுக்கு இந்திய அரசு 1996ஆம் ஆண்டுக்கான அர்ஜுனா விருதை வழங்கியது.

பாக்கு நீரிணையின் மரபு

பாக்கு நீரிணையைக் கடப்பது தமிழரிடையே அதற்கும் முந்திய மரபு. 1954ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்தின் வடமராட்சிக் கரையிலிருந்து கோடியக்கரைக்கு நீந்திச் சென்றார் மு. நவரத்தினசாமி. அவரைத் தொடர்ந்து, வல்வெட்டித்துறையைச் சேர்ந்த வழக்கறிஞரும் ஆழிக்குமரன் என்று அழைக்கப்பட்டவருமான குமார் ஆனந்தன், 1971ஆம் ஆண்டில் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்குச் சென்று, மீண்டும் தலைமன்னாருக்கே நீந்தித் திரும்பினார். இதற்கு அவருக்கு 51 மணி நேரம் ஆனது. 1981ஆம் ஆண்டில் சென்னை அண்ணா நீச்சல் குளத்தில் 80 மணி நேரம் நீரில் மிதந்து நின்றதும் அவரது சாதனைகளில் ஒன்று. 1984 ஆகஸ்டில் ஆங்கிலக் கால்வாயைக் கடக்க முயன்றபோது அவர் உயிரிழந்தார்.

ஆனந்தனின் இருவழிச் சாதனையை இலங்கை விமானப்படையைச் சேர்ந்த ரொஷான் அபேசுந்தர 2021ஆம் ஆண்டில் சுமார் 28 மணி நேரத்தில் நீந்தி முறியடித்தார்.

ஆபத்தும் செலவும்

ஆங்கிலக் கால்வாயின் குறுகிய பகுதி சுமார் 33 கிலோமீட்டர் அகலம் கொண்டது. ஆனால், ஏற்றவற்றங்களின் இழுப்பினால் நீந்துபவர் வளைந்து செல்ல நேர்வதால், உண்மையில் கடக்கும் தொலைவு அதைவிட மிகவும் கூடுதல். கோடையிலும் நீரின் வெப்பநிலை 15 முதல் 18 டிகிரி செல்சியஸ் வரைதான் இருக்கும். குளிரைத் தடுக்கும் உடைக்கு அனுமதியில்லை. உணவு வாங்கும்போதும் உடன் வரும் படகைத் தொடக்கூடாது. தொட்டால் முயற்சி செல்லாது.

படகு, மாலுமி, கண்காணிப்பாளர், பயணம், தங்குமிடம் என ஒவ்வொரு முயற்சிக்கும் பெருந்தொகை தேவைப்படுகிறது. பாக்கு நீரிணையில் இரு நாடுகளின் அனுமதியும் வேண்டும். தொடர்ந்து நிதி ஆதரவு கிடைக்காததே தாம் விலகக் காரணம் என்று குற்றாலீஸ்வரன் பின்னாளில் கூறியிருக்கிறார். அவர் பொறியியல் படித்து, மேற்படிப்புக்காக அமெரிக்கா சென்றார்.

கனடாவின் அனுபவம்

இந்த நிலைமை தமிழ்நாட்டுக்கு மட்டும் உரியதல்ல. கனடாவில் 16 வயது மாணவி மரிலின் பெல், 1954 செப்டம்பரில் ஒன்ராறியோ ஏரியை சுமார் 21 மணி நேரத்தில் நீந்திக் கடந்தார். அதைச் செய்த முதலாமவர் அவரே. அடுத்த இரு ஆண்டுகளில் ஆங்கிலக் கால்வாயையும் ஹுவான் டி ஃபூக்கா நீரிணையையும் கடந்த அவர், அத்துடன் விலகிவிட்டார்.

எனினும், மொன்றியல் நகரை உள்ளடக்கிய கியூபெக் மாகாணத்தில் இந்த விளையாட்டு தனிநபர் சாகசமாக நின்றுவிடவில்லை. அங்குள்ள செயின்ட் ஜீன் ஏரியில் 32 கிலோமீட்டர் நீச்சல் 1955ஆம் ஆண்டில் தொடங்கியது. முதல் ஆண்டில் ஜாக் அமியோ மட்டுமே மறுகரை சேர்ந்தார். பின்னர் அது உலகின் முன்னணி வீரர்கள் பங்கேற்கும் பந்தயமாக வளர்ந்தது. இந்தியாவிலும் மேற்கு வங்கத்தின் பாகீரதி ஆற்றில் 81 கிலோமீட்டர் பந்தயம் நடத்தப்பட்டு வந்துள்ளது. தமிழ்நாட்டுக் கடற்கரையில் அவ்வாறு நிலைபெற்ற பந்தயம் குற்றாலீஸ்வரனின் காலத்தில் இல்லை.

வயது வரம்பு

1988ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் சிறுவன் தாமஸ் கிரகரி 11 வயதில் ஆங்கிலக் கால்வாயைக் கடந்தார். சிறுவர்களின் பாதுகாப்பைக் கருதி 2000ஆம் ஆண்டில் குறைந்தபட்ச வயது 16 என நிர்ணயிக்கப்பட்டது. திறந்த நீரில் 10 கிலோமீட்டர் நீச்சல் 2008ஆம் ஆண்டு பெய்ஜிங்கில் ஒலிம்பிக் போட்டியாகவும் ஆனது.

இவை இரண்டும் குற்றாலீஸ்வரனுக்குப் பிறகு வந்த மாற்றங்கள். இன்றைய விதிகளின்படி அவர் ஆங்கிலக் கால்வாயில் இறங்க மேலும் மூன்று ஆண்டுகளுக்கு மேல் காத்திருக்க வேண்டியிருந்திருக்கும். ஆனால் அந்தக் காத்திருப்பின் முடிவில் ஒலிம்பிக் என்ற இலக்கும் இருந்திருக்கும். அந்த இலக்கு உருவானபோது அவருக்கு வயது 26. அவர் நீச்சலை விட்டு ஏறத்தாழ பத்து ஆண்டுகள் ஆகியிருந்தன.