நீமச்சிலிருந்து கோழிக்கோட்டுக் கட்டில்வரை

குருமாவுக்கு அரைக்கிற கசகசாவும் வலி தணிக்கும் மார்ஃபின் மாத்திரையும் ஒரே காயிலிருந்து வருபவை. விதை சமையலறைக்குப் போய்விடும். காயின் பால் அரசுக் கணக்கில் ஏறும். மத்தியப் பிரதேசத்தில் நீமச், மந்த்சௌர் பக்கத்து விவசாயிகள் உரிமம் வாங்கித்தான் கசகசாச் செடியைப் பயிரிட முடியும். மாசி வாக்கில் பச்சைக் காயைக் கீறிவிட்டு, இரவில் கசிந்து கெட்டியான பாலை மறுநாள் காலையில் வழித்தெடுப்பார்கள். அதுதான் அபின். அதை அரசே வாங்கி, நீமச், காஜிப்பூர் ஆலைகளுக்கு அனுப்புகிறது.

அபினிலிருந்து மார்ஃபின் பிரித்து மாத்திரையாக்குவது பெரிய காரியமில்லை. அதற்கப்புறம்தான் வழி அடைபட்டது. 1985இல் போதைப்பொருள் சட்டம் வந்தது. கடுங்குற்றங்களுக்குக் குறைந்தது 10 ஆண்டு சிறை. கணக்கில் பிசகினால் என்னாகுமோ என்று மருந்துக்கடைகள் மார்ஃபின் வாங்குவதையே விட்டன. மருத்துவமனை வாங்குவதென்றாலும் அப்போது பல உரிமங்கள் வேண்டியிருந்தன. ஒன்று கைக்கு வருவதற்குள் இன்னொன்று காலாவதியாகிவிடும். அபின் விளையும் நாட்டிலேயே புற்றுநோய் முற்றியவர்கள் மார்ஃபின் இல்லாமல் துடித்தார்கள். வெட்கக்கேடு என்பதைத் தவிர இதற்கு வேறு பெயரில்லை.

1993இல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் டாக்டர் எம்.ஆர். ராஜகோபால், டாக்டர் சுரேஷ்குமார் முதலியோர் வலி நிவாரணத்துக்கென ஒரு சங்கம் தொடங்கினார்கள். மாத்திரையை நோயாளியின் வீட்டுக்கே கொடுத்தனுப்பினார்கள். கள்ளச்சந்தைக்குப் போய்விடும் என்று பயந்தவர்களுக்கு 2001இல் லான்செட் மருத்துவ இதழில் பதில் வந்தது: இரண்டு ஆண்டுகளில் மார்ஃபின் பெற்ற 1,723 புறநோயாளிகளில் ஒருவருடைய மருந்துகூடத் தடம் மாறிப் போனதாகத் தெரியவில்லை.

கிளினிக்குவரை வர முடியாதவர்களுக்கு என்ன வழி? அந்தக் கடைசித் தூரத்தைக் கடந்தவர்கள் அக்கம்பக்கத்தார். ஆசிரியர், ஆட்டோ ஓட்டுநர், கல்லூரி மாணவர் என்று பயிற்சி பெற்ற தொண்டர்கள் நர்ஸுடன் வீடுவீடாகப் போனார்கள். நாலு மணி நேரத்துக்கு ஒரு மாத்திரை. இரவு படுக்கும்போது இரண்டாகக் கொடுத்தால் நடுராத்திரியில் எழுப்ப வேண்டியதில்லை. மலச்சிக்கல் வரும், கூடவே பேதி மாத்திரையும் கொடுக்க வேண்டும். இதெல்லாம் நர்ஸ் சொல்லித் தருவது. கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்கும் மனைவி சாப்பிட்டாளா, தூங்கினாளா என்று கேட்பதும், வீட்டில் அரிசி இருக்கிறதா, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்களா என்று பார்ப்பதும் தொண்டர்களின் வேலை. செலவுக்குப் பெரும்பாலும் ஊராரே சில்லறை சில்லறையாகக் கொடுத்தார்கள். 2008இல் கேரள அரசு இதை மாநிலக் கொள்கையாக்கியது. பிறகு பஞ்சாயத்துகளும் வீட்டுப் பராமரிப்பில் இறங்கின. 2014இல் போதைப்பொருள் சட்டம் திருத்தப்பட்டு, மருத்துவமனைக்கு ஒரே அனுமதி போதும் என்றானது.

நோயாளி இறந்தபின் மீந்த மாத்திரைகளைக் கிளினிக்கில் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். தொண்டர்கள் அதற்குப் பிறகும் அந்த வீட்டுக்குப் போகிறார்கள்.

உங்கள் தெருவிலும் யாராவது படுத்த படுக்கையாக இருப்பார். மார்ஃபின் எழுதித் தர டாக்டர்தான் வேண்டும். ஆனால் நோயாளியைப் பார்த்துக்கொள்பவர் ரேஷன் கடைக்குப் போய்வரும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருக்க உங்களால் முடியும். போய்க் கேட்டுப் பாருங்கள்.