கொரோனா வந்தப்ப நம்ம பேரூராட்சியில மெம்பரே கிடையாது

நம்ம ஊர்ல நிறைய பேருக்கு இது ஞாபகமே இல்ல. 2020 மார்ச் 24 சாயங்காலம் 6 மணிக்கு 144 போட்டு எல்லாரையும் வீட்டுக்குள்ள இருக்கச் சொன்னாங்களே, அன்னைக்கு செட்டியார்பட்டி பேரூராட்சியில தலைவரும் கிடையாது, வார்டு மெம்பரும் கிடையாது. நம்ம ஊர்ல மட்டும் இல்ல, தமிழ்நாட்டுல எந்தப் பேரூராட்சி, நகராட்சி, மாநகராட்சியிலயும் கிடையாது.

கதை 2016லயே ஆரம்பிக்குது. 2011ல ஜெயிச்சவங்க பதவிக்காலம் 2016 அக்டோபர் 24ஓட முடிஞ்சது. அக்டோபர் 17, 19 தேதிகள்ல தேர்தல்னு அறிவிச்சு, வேட்புமனுவும் வாங்கிட்டாங்க. பழங்குடியினர் இடஒதுக்கீடு சரியில்லைன்னு வழக்குப் போய், அக்டோபர் 4ல ஐகோர்ட் அந்த அறிவிப்பை ரத்து பண்ணிருச்சு. அப்புறம் தனி அலுவலர்கள் வந்தாங்க. அவங்க காலம் ஆறாறு மாசமா நீண்டுக்கிட்டே போச்சு. அஞ்சு வருஷம் முடியறதுக்குள்ள தேர்தல் வைக்கணும்னு அரசியல் சட்டத்துலயே இருக்கு. மத்திய நிதிக்குழு மானியத்தைக்கூட இதனால நிறுத்தி வச்சாங்க.

இதுல ஊழியர்களைக் குறை சொல்ல மாட்டேன். நாம கதவைச் சாத்திக்கிட்டு இருந்தப்ப குப்பை வண்டி தள்ளினதும், பிளீச்சிங் பவுடர் போட்டதும், கிருமிநாசினி அடிச்சதும், தண்ணி திறந்துவிட்டதும் அவங்கதான். துப்புரவுப் பணியாளர்னு இருந்த பேரைத் தூய்மைப் பணியாளர்னு அரசாங்கம் மாத்தினதும் அந்த வருஷம்தான். பேரு மாறுச்சு, ஒப்பந்தக் கூலி வேலையில இருந்தவங்க நிலைமை அப்படியேதான் இருந்துச்சு.

என் கேள்வி மேற்பார்வை பத்தினது. மன்றம்னு ஒண்ணு இருந்தா செலவுக் கணக்கு கூட்டத்துக்கு வரும். எதிர்க்கட்சி மெம்பர் ஒருத்தராவது எந்திரிச்சு, பவுடர் எத்தனை மூட்டை, எந்தத் தெருவுக்குப் போட்டீங்கன்னு கேப்பாரு. தனி அலுவலர் காலத்துல மன்றத்தோட அதிகாரம் முழுக்க ஒரே கையில இருந்துச்சு. தணிக்கை உண்டுதான், ஆனா அது செலவு முடிஞ்ச பிறகு வர்றது. தெருக்குழாயில தண்ணி வரலேன்னா நாம என்ன பண்ணினோம்? பழைய மெம்பர் வீட்டுக்கதவைத்தான் தட்டினோம். அவரும் பாவம், "நான் இப்ப மெம்பர் இல்லப்பா"ன்னு சொல்லிக்கிட்டே ஆபீசுக்குப் போன் பண்ணினாரு.

பக்கத்துக் கிராம ஊராட்சிகள்ல நிலைமை கொஞ்சம் தேவலை. அங்க 2019 டிசம்பர்ல தேர்தல் முடிஞ்சு, 2020 ஜனவரி 6ல பதவி ஏத்துட்டாங்க. நூறு நாள் வேலையும் அப்ப அங்க இருந்துச்சு, அந்த வருஷம் கூலி 256 ரூபாய். பேரூராட்சிக்கு அந்தத் திட்டமே கிடையாது. நைட்டி தைக்கிற வேலையும் மில்லும் நின்னுபோன நேரத்துல, எல்லைக் கல்லுக்கு இந்தப் பக்கம் இருக்கிறவங்களுக்கு அந்த வேலையும் இல்ல. வயக்காட்டு வேலை எல்லாரையும் தாங்குமா?

ஆனா கிராமங்கள்லயும் கேள்வி கேக்க இடம் கொடுக்கல. 2020 ஆகஸ்ட் 15 கிராமசபை நடக்கல. அக்டோபர் 2 கூட்டத்தை முந்தின நாள் ரத்து பண்ணினாங்க. மூணு வேளாண் சட்டங்களுக்கு எதிரா அன்னைக்குத் தீர்மானம் போடணும்னு பேச்சு இருந்துச்சு. 2021 ஜனவரி 26லயும் இல்ல. காரணம் கொரோனாவாம். டாஸ்மாக் 2020 மே 7லயே திறந்தாச்சு, கோர்ட் மூடச் சொல்லி, மறுபடி 16ஆம் தேதி திறந்தாங்க. சட்டசபை செப்டம்பர்ல கலைவாணர் அரங்கத்துல இடைவெளி விட்டு நடந்துச்சு. வேப்பமரத்தடியில இடைவெளி விட்டு உக்கார எங்களுக்குத் தெரியாதா?

முகக்கவசம் போடலேன்னா 200, எச்சில் துப்பினா 500 ரூபாய் அபராதம். 1939ல மெட்ராஸ் மாகாணத்துல வந்த பொதுச் சுகாதாரச் சட்டத்தைத் திருத்தித்தான் அதைக் கொண்டுவந்தாங்க. ஜனங்க மேல கண்காணிப்புக்குக் குறைவே இல்ல!

கடைசியா 2022 பிப்ரவரி 19ல ஓட்டுப் போட்டோம். சாயங்காலம் 5லேருந்து 6 மணி வரைக்கும் கொரோனா வந்தவங்களுக்குன்னு தனியா ஒதுக்கியிருந்தாங்க. மார்ச் 2ல மெம்பர்கள் பதவி ஏத்தாங்க. கணக்குப் போட்டா அஞ்சு வருஷம் நாலு மாசம், ஒரு முழுப் பதவிக்காலத்தைவிட அதிகம். நகர்ப்புறத்துல ஜனங்க உக்காந்து பேசுற ஏரியா சபை அந்த வருஷம் நவம்பர் 1லதான் முதல்தடவையா வந்துச்சு.

அந்த நாள் செலவுப் பதிவேடு எல்லாம் ஆபீசுலதான் இருக்கணும். பாக்கணும்னு தோணுறவங்க தகவல் உரிமைச் சட்டத்துல 10 ரூபாய் கோர்ட் பீ ஸ்டாம்பு ஒட்டி மனு போடலாம். எழுதத் தெரியலேன்னா சாயங்காலம் வாங்க, சேர்ந்து எழுதுவோம்.