ஆழியாறு நீர்த்தேக்கத்தில் கோடைகால மீன்பிடிப்பு

பொள்ளாச்சியிலிருந்து வால்பாறைக்குச் செல்லும் சாலை, ஆனைமலைத் தொடரில் ஏறத் தொடங்கும் இடத்தில் ஆழியாறு அணை உள்ளது. பரம்பிக்குளம் - ஆழியாறு பாசனத் திட்டத்தின் ஓர் உறுப்பாக 1960களில் பயன்பாட்டுக்கு வந்த இந்த நீர்த்தேக்கத்தின் முழு மட்டம் 120 அடி. கொள்ளளவு சுமார் 3.86 டி.எம்.சி.; நிரம்பியிருக்கும்போது நீர்ப்பரப்பு ஏறக்குறைய 650 ஹெக்டேர். பாசனத்துக்காகக் கட்டப்பட்ட இந்த அணை இந்திய உள்நாட்டு மீன்வள ஆய்வுகளிலும் இடம்பெற்றது. அதற்குக் காரணம் இங்கு 1980களில் நடந்த ஒரு மேலாண்மை மாற்றமும் அதனால் 1990-இல் கிடைத்த விளைச்சலும் ஆகும்.

மீன்வள நூல்களின் வகைப்பாட்டில் 1,000 ஹெக்டேருக்குக் குறைந்தவை எல்லாம் சிறிய நீர்த்தேக்கங்கள். அந்தக் கணக்கில் ஆழியாறும் சிறியதே. ஆனால் பரிசலில் உட்கார்ந்து வலை போடுபவருக்கு 650 ஹெக்டேர் சிறியதல்ல. மீன் எங்கே நிற்கிறது என்பதைக் கண்டுபிடிப்பதே அங்கு முதல் வேலை.

ஏரியும் அணையும்

கொங்கு நாட்டில் மீன்பிடிப்பு நெடுங்காலம் ஆற்று மடுக்களையும் ஊர்க் குளங்களையும் சார்ந்தே இருந்தது. ஏரி, குளங்களில் மீன் பிடிக்கும் உரிமையைக் குத்தகைக்கு விடும் வழக்கம் தமிழகத்தில் மிகப் பழையது. சோழர் காலக் கல்வெட்டுகளில் பாசிப்பாட்டம் என்ற பெயரில் இந்த வருவாய் குறிக்கப்படுகிறது. பாசிக் குத்தகை என்ற சொல் இன்றும் வழக்கில் உண்டு. குளத்து மீன்பிடிப்பில் தேடல் என்பது பெரிதாக இல்லை. மாசி, பங்குனியில் தண்ணீர் வற்ற வற்ற மீன்கள் தாமாகவே ஒரு குட்டையில் ஒதுங்கும். ஊத்தாவும் கச்சாவும் கொண்டு ஊரே இறங்கினால் இரண்டு மணி நேரத்தில் குளம் காலியாகிவிடும். அடுத்த மழையில் வாய்க்கால் வழி வரும் நீரோடு புது மீன் வரும்.

அணை அப்படி வற்றுவதில்லை. கோடையின் உச்சத்திலும் அடியில் நீர் கிடக்கும். ஆற்றின் பழைய பள்ளம், மூழ்கிய மரங்களின் அடிக்கட்டைகள், பாறைகள் எல்லாம் நீருக்கடியில் இருப்பதால் இழுவலை போட்டால் கிழிந்துவிடும். குளத்து அறிவைக் கொண்டு அணையில் மீன் பிடிக்க முடியாது என்பதைத் தமிழகம் முதலில் உணர்ந்த இடம் 1934-இல் கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணை. அடிக்கயிறு இல்லாமல் நீரில் திரைபோலத் தொங்கும் ரங்கூன் வலை அங்கு நிலைபெற்றது. ஆற்றோட்டத்தை நம்பி வாழ்ந்த மீன்களுக்குத் தேங்கிய நீர் ஒத்துவராததால், கோதாவரிப் பகுதியிலிருந்து கொண்டுவரப்பட்ட கட்லா காவிரியில் இடம்பிடித்ததும் மேட்டூரின் வரலாற்றோடு சேர்ந்ததே.

இந்த முயற்சிகளுக்கு வித்திட்டவர்களில் ஒருவருக்குக் கோயம்புத்தூரோடு நெருங்கிய தொடர்பு உண்டு. 1887-இல் வெளிவந்த கோயம்புத்தூர் மாவட்டக் கையேட்டைத் தொகுத்த பிரெடரிக் நிக்கல்சன்தான், 1907-இல் சென்னை மாகாணத்தில் மீன்வளப் பணியகம் அமைந்தபோது அதற்குத் தலைமை ஏற்றார். கூட்டுறவுக் கடன் இயக்கத்தின் முன்னோடியாகவே அவர் பெரும்பாலும் நினைவுகூரப்படுகிறார். மீனையும் அவர் உணவாகவும் எளியவர்களின் தொழிலாகவும் பார்த்தார். அதே காலத்தில் ஆங்கிலேயத் தோட்ட அதிபர்களும் அதிகாரிகளும் மீனை விளையாட்டாகப் பார்த்தனர். எச். எஸ். தாமஸ் 1873-இல் எழுதிய தூண்டில் நூல் இந்திய ஆறுகளின் மகசீர் மீனைப் புகழ்பெறச் செய்தது. நீலகிரியின் குளிர்ந்த ஓடைகளில் டிரவுட் மீனை வளர்க்க 1860களிலேயே பிரான்சிஸ் டே முயன்றார். அமெரிக்க நீர்த்தேக்கங்களில் கோடைக்காலத்தில் பாஸ் மீனைத் தேடிப் பிடிப்பது இன்று பெரும் பொழுதுபோக்கு. அந்த மீனை 1925-இல் ஜப்பானின் ஆஷி ஏரிக்குக் கொண்டுசென்றனர்; அது பல ஏரிகளில் பரவி உள்ளூர் மீன்களைத் தின்றதால், 2005-இல் தடைசெய்யப்பட்ட அயல் உயிரினங்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டது. ஆனைமலை அடிவாரத்துக்கு பாஸ் வரவில்லை. வந்தது வேறொரு விருந்தாளி.

ஜிலேபி வந்த கதை

ஆப்பிரிக்காவைச் சேர்ந்த மொசாம்பிக் திலாப்பியா 1952-இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. தமிழில் அதற்கு ஜிலேபி கெண்டை என்று பெயர் வந்தது. குறைந்த செலவில் ஏழைகளுக்குப் புரதம் கிடைக்கும் என்ற எண்ணத்தில், 1960களின் இறுதிக்குள் தமிழ்நாட்டின் பெரும்பாலான நீர்த்தேக்கங்களில் இது விடப்பட்டது. எண்ணம் நல்லதுதான். ஆனால் முட்டைகளையும் குஞ்சுகளையும் வாயில் வைத்துக் காக்கும் இந்த மீன், ஆண்டுக்குப் பலமுறை இனப்பெருக்கம் செய்யும். எண்ணிக்கை கூடக் கூட உணவு போதாமல் மீனின் உருவம் சிறுத்துக்கொண்டே போகும். உடுமலைப்பேட்டை அருகிலுள்ள அமராவதி அணையில் ஜிலேபியே முதன்மை மீனாகிவிட்டது. அந்த அணையில் வலை போடுவோர்க்கு முதலைகளும் உண்டு என்பது தனிக்கதை.

ஆழியாற்றின் தொடக்கம் இன்னும் மோசம். அணை நிரம்பிய முதல் ஆண்டுகளில், அதாவது 1960களின் நடுவில், கிடைத்த மீன் ஹெக்டேருக்குச் சில கிலோ மட்டுமே. நாட்டுக் கெண்டைகள், வெளிநாட்டுக் கெண்டைகள் எனக் கிடைத்ததையெல்லாம் கிடைத்த அளவில் விட்டார்கள். விட்ட குஞ்சுகள் மிகச் சிறியவை. அவற்றில் பெரும்பகுதி விராலுக்கும் கெளுத்திக்கும் இரையாகியிருக்க வேண்டும்.

இங்கே ஒரு உயிரியல் உண்மையைச் சொல்லியாக வேண்டும். கட்லா, ரோகு, மிர்கால் ஆகிய பெருங்கெண்டைகள் தேங்கிய நீரில் நன்றாக வளரும். ஆனால் அதில் முட்டையிடுவதில்லை. அவற்றுக்கு மழைக்கால வெள்ளம் வேண்டும். எனவே அணையில் பிடிக்கப்படும் ஒவ்வொரு பெருங்கெண்டையும் ஏதோ ஒரு நாளில் யாரோ கொண்டுவந்து விட்டதாகவே பெரும்பாலும் இருக்கும். 1957-இல் ஹீராலால் சௌத்ரி, பிட்யூட்டரிச் சாற்றை ஊசி மூலம் செலுத்திப் பெருங்கெண்டைகளைப் பண்ணையிலேயே முட்டையிட வைத்தார். அதற்கு முன் ஆறுகளில் வடிகட்டி எடுத்த குஞ்சுகளைத் தொலைதூரம் கொண்டுவர வேண்டியிருந்தது. இந்தக் கண்டுபிடிப்பு இல்லாவிட்டால் ஆழியாற்றின் பிற்கால விளைச்சலுக்கு வழியே இல்லை.

கோடையில் மீன் நிற்கும் இடம்

தென்மேற்குப் பருவமழை ஜூன் மாதத்தில் தொடங்கி மலையில் கொட்டும்போது அணை நிரம்பத் தொடங்கும். சர்க்கார்பதி மின்நிலையத்திலிருந்து வரும் ஊட்டுக் கால்வாயும் பரம்பிக்குளம் நீரைக் கொண்டுவந்து சேர்க்கும். பின்னர் பாசனத்துக்குத் திறந்துவிட, மார்ச் முதல் மே வரை நீர்ப்பரப்பு சுருங்கிக்கொண்டே வரும். கரையோரம் சேறும் புல்லுமாக வெளிப்படும். மீன்களின் எண்ணிக்கை மாறாமல் இருக்க நீர் மட்டும் குறைவதால், கோடையே மீன்பிடிப்புக்கு ஏற்ற காலம் என்று தோன்றும். ஓரளவு உண்மை. ஆனால் கோடையில் மீன் எல்லா நேரமும் எல்லா இடத்திலும் நிற்பதில்லை.

வெயிலில் மேல்நீர் சூடாகி இலேசாகும். குளிர்ந்த நீர் கனத்து அடியில் தங்கும். காற்று கலக்காத நாட்களில், இலைதழை மட்கும் ஆழமான பள்ளங்களில் ஆக்சிஜன் குறைந்துவிடும். மேலே சூடு, கீழே மூச்சுத் திணறல். நண்பகலில் மீன்கள் இரண்டுக்கும் நடுவிலுள்ள அடுக்கில் நிற்கும்; மாலை மங்கியதும் மேலேறி ஆழமற்ற கரையோரங்களுக்கு இரை தேட வரும். அதனால்தான் செவுள் வலையை மாலையில் விரித்து விடியற்காலையில் எடுப்பது வழக்கமானது. மிதிவெப்பில் மீன் வலையிலேயே கெட்டுவிடும் என்பதும் இன்னொரு காரணம். ஆனைமலை அடிவாரத்துக்குப் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஒரு வரம். அது வீசும் நாட்களில் நீர் மேலும் கீழும் கலந்து, அடுக்கு குலைந்து, மீன் எந்த ஆழத்திலும் கிடைக்கும்.

மீனின் இனம் தெரிந்தால் தேடல் எளிதாகும். மேல்நோக்கிய வாயுடைய கட்லா மேற்பரப்பை ஒட்டி மிதக்கும் நுண்ணுயிர்களை உண்ணும். ரோகு நடு நீரில் மேயும். மிர்கால் அடித்தரையைக் கிளறும். மிதவைக் கயிற்றின் நீளத்தைக் கூட்டிக் குறைத்து வலையை எந்த ஆழத்தில் நிறுத்துவது என்பது இதைப் பொறுத்தது. ஆற்றுநீர் அணைக்குள் நுழையும் முகத்துவாரம் கோடையில் தனி மதிப்புடையது. அங்கே வரும் மலைநீர் குளிர்ந்தது, ஆக்சிஜன் மிகுந்தது. முதல் மழையில் புதுவெள்ளம் இறங்கியதும் ரோகும் மிர்காலும் அந்த வாயை நோக்கித் திரளும். அனுபவமுள்ளவருக்கு அது அறுவடை நாள். நிலவு வெளிச்சத்தில் மீன் வலையைக் கண்டு விலகும் என்பதும் செவுள் வலை போடுவோர் நன்கு அறிந்தது.

பருத்தி நூல் வலைகள் இருந்தவரை அவற்றை மரப்பட்டைச் சாயத்தில் தோய்த்து உலர்த்திக் காக்க வேண்டியிருந்தது. நைலான் வந்ததும் அந்த வேலை ஒழிந்தது. மெல்லிய இழை நீரில் மீனின் கண்ணுக்கு எளிதில் தெரிவதுமில்லை. பிடிப்பு கூடியது. அதோடு சிறு மீனை வழித்தெடுக்கும் ஆபத்தும் கூடியது.

1980களின் மாற்றம்

1947-இல் நிறுவப்பட்டு, கொல்கத்தா அருகே பராக்பூரில் இயங்கும் மத்திய உள்நாட்டு மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் ஆழியாற்றில் ஆய்வை மேற்கொண்டபோது, அதன் பரிந்துரைகள் வியக்கத்தக்க அளவுக்கு எளிமையாக இருந்தன. இனிப் பெருங்கெண்டைகளை மட்டும் விடுவது. குஞ்சு 100 மில்லிமீட்டருக்கு மேல் வளர்ந்த பின்னரே விடுவது. ஹெக்டேருக்கு இத்தனை என்று கணக்கிட்டு, ஒரே நாளில் கொட்டாமல் இடைவெளிவிட்டு விடுவது. வலைக்கண்ணின் அளவைக் கண்டிப்பாகக் கட்டுப்படுத்துவது. ஒரு கிலோவுக்குக் குறைந்த பெருங்கெண்டையைப் பிடிப்பதைத் தடுப்பது.

இவற்றில் கடைசி இரண்டும்தான் கடினமானவை. கோடையில் நீர் வற்றி மீன் நெருங்கி நிற்கும்போது, அரைக்கிலோ கட்லா வலையில் விழுகிறது. அதை விட்டுவிட்டால் அடுத்த கோடையில் அது பல மடங்கு எடையோடு வரும் என்பது ஏட்டில் சரியே. ஆனால் அன்றைக்கு அரிசி வாங்க வேண்டியவருக்கு அடுத்த கோடை வெகுதொலைவு. பிடித்த மீனில் பங்கு பெறும் முறையில் உழைப்பவர், சிறு மீனை விடுவதால் வரும் இழப்பைத் தானே முதலில் சுமக்கிறார். விதியை வெறும் தண்டனையால் நடத்தியிருந்தால் அது நிலைத்திருக்காது. விடப்பட்ட குஞ்சு பெரிதாகித் திரும்ப வந்ததைக் கண்ணால் கண்டதே விதிக்கு வலுவூட்டியிருக்கும்.

1990-இல் ஆழியாற்றின் விளைச்சல் ஹெக்டேருக்கு 194 கிலோவை எட்டியது. மொத்தக் கணக்கில் இது ஏறக்குறைய 125 டன். அருகிலுள்ள திருமூர்த்தி அணையிலும் இதே முறையில் ஹெக்டேருக்கு 182 கிலோ கிடைத்தது. வி. வி. சுகுணன் 1995-இல் ஐ.நா. உணவு மற்றும் வேளாண்மை அமைப்புக்காக எழுதிய இந்திய நீர்த்தேக்க மீன்வளம் பற்றிய நூலில், நாட்டின் சிறிய நீர்த்தேக்கங்களின் சராசரி ஹெக்டேருக்குச் சுமார் 50 கிலோ என்றும், எல்லா நீர்த்தேக்கங்களையும் சேர்த்தால் சுமார் 20 கிலோ என்றும் கணக்கிட்டார். இவற்றோடு ஒப்பிட்டால்தான் ஆழியாற்றின் எண் எவ்வளவு பெரிது என்பது விளங்கும். புதிய இயந்திரம் எதுவும் இதற்குத் தேவைப்படவில்லை.

நீர் யாருக்கு?

மீன் வளர்ப்போர் கையில் இல்லாத ஒன்று நீர்மட்டம். பரம்பிக்குளம் - ஆழியாறு ஒப்பந்தம் 1970 மே 29 அன்று கையெழுத்தாகி, 1958 நவம்பர் 9 முதல் நடைமுறைக்கு வந்ததாகக் கொள்ளப்பட்டது. அதன்படி மணக்கடவு அணைக்கட்டு வழியாகக் கேரளத்துக்கு ஆண்டுதோறும் 7.25 டி.எம்.சி. நீர் கிடைக்க வேண்டும். இதற்கு மேல் ஆனைமலைப் பகுதியின் பழைய ஆயக்கட்டு, பொள்ளாச்சி, வேட்டைக்காரன்புதூர், சேத்துமடைக் கால்வாய்கள் ஆகியவை உள்ளன. தென்னைக்கும் நெல்லுக்கும் நீர் கேட்டு உழவர்கள் குரல் எழுப்பும் கோடையில், மீனுக்காக நீரை நிறுத்திவைக்கச் சொல்ல யாராலும் முடியாது, சொல்வதும் நியாயமில்லை. மட்டம் வேகமாக இறங்கினால் மீனவர் வலைகளை நாள்தோறும் இடம்மாற்ற வேண்டும். இறங்கிய நீரில் கண் சிறிய வலையைப் போட்டு எல்லாவற்றையும் வாரும் ஆசையும் அப்போதுதான் வலுக்கும்.

அணைக்கு மேலே மலைக்காடுகள் 1976 முதல் வனவிலங்கு சரணாலயமாகவும் பின்னர் புலிகள் காப்பகமாகவும் ஆனதால், காடர், மலசர் போன்ற பழங்குடியினர் ஓடைகளில் மீன் பிடித்த பழைய முறைகள் சுருங்கின. மலை ஓடைகளின் சொந்த மீன்கள் ஒரு புறம், அணையில் மனிதர் விட்ட கெண்டைகள் மறு புறம் என்ற பிரிவு இன்று நிலைபெற்றுள்ளது.

1974-இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மீன்வளர்ச்சிக் கழகம் ஆழியாறு, திருமூர்த்தி, அமராவதி நீர்த்தேக்கங்களில் மீன்பிடிப்பை நடத்திவருகிறது. வால்பாறைக்குச் செல்லும் சுற்றுலாப் பயணிகள் அணையருகே நிறுத்தி, மிளகாய்த்தூள் தடவிப் பொரித்த மீனை வாங்கி உண்கிறார்கள். மே மாத இறுதியில் அந்தத் தட்டில் இருப்பது பெரும்பாலும் முந்தைய மழைக்காலத்துக்கும் முன்பே விடப்பட்ட கெண்டையாக இருக்கும். அதே வேளையில், ஜூன் வெள்ளம் வந்ததும் விடுவதற்கான குஞ்சுகள் பண்ணைத் தொட்டிகளில் 100 மில்லிமீட்டரை நோக்கி வளர்ந்துகொண்டிருக்கும்.