தராசு சொல்லாத கணக்கு

பலாங்கொடையைச் சுற்றியுள்ள தேயிலைத் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்குப் புள்ளிவிபரம் என்பது கொழுந்து நிறுக்கும் இடத்தில் கற்றுக்கொண்ட பாடம். கணக்கப்பிள்ளை தராசைப் பார்த்துக் கிலோக் கணக்கைச் சொல்வார். குறித்த அளவு நிறைந்தால் முழுப்பேர், குறைந்தால் அரைப்பேர். தராசு பொய் சொல்வதில்லை என்றே வைத்துக்கொள்வோம். ஆயினும் ஒருத்தி செழித்த மலையில் பறித்தாள், இன்னொருத்தி முதிர்ந்த செடிகள் நின்ற சரிவில் மழையோடு மல்லுக்கட்டிப் பறித்தாள் என்பது கணக்குப் புத்தகத்தில் ஏறுவதில்லை.

இந்தப் பாடத்தை மறந்து நான் ஒரு முறை தலைகுனிந்திருக்கிறேன். 1996 பெப்ரவரியில் உலகக் கிண்ணக் கிரிக்கெட் தொடங்கவிருந்த வேளையில், பணியாற்றிய பத்திரிகைக்கு முன்னோட்டக் கட்டுரை எழுத வேண்டியிருந்தது. பழைய ஏடுகளைப் புரட்டி அட்டவணை ஒன்று தயாரித்தேன். 1975 முதல் 1992 வரை ஐந்து உலகக் கிண்ணங்கள். இலங்கை ஆடியவை 26 ஆட்டங்கள். வெற்றி 4, தோல்வி 20, முடிவற்றவை 2. 1987இல் ஆடிய ஆறிலும் தோல்வி. இவ்வணி கால் இறுதிக்கு வந்தாலே பெரிது என்று எழுதி முடித்தேன்.

நடந்ததை வாசகர் அறிவர். கொழும்பு மத்திய வங்கிக் குண்டுவெடிப்புக்குப் பின் அவுஸ்திரேலியாவும் மேற்கிந்தியத் தீவுகளும் இங்கு ஆட வர மறுத்ததால், அந்த இரண்டு ஆட்டங்களின் புள்ளிகளும் ஆடாமலே இலங்கைக்குக் கிடைத்தன. ஆனால் களத்தில் ஆடிய ஆறு ஆட்டங்களையும் அவ்வணி வென்றது. மார்ச் 17ஆம் திகதி லாகூரில் அதே அவுஸ்திரேலியாவை ஏழு விக்கெட்டுகளால் வென்று கிண்ணத்தைக் கைப்பற்றியது. என் அட்டவணையில் ஓர் எண்ணும் பிழையன்று. நான் கண்ட முடிவுதான் முழுப்பிழை.

அப்படியானால் எண்கள் பயனற்றவையா? அவ்வாறு சொல்வது இன்னொரு பிழை. நான் பார்க்கத் தவறிய எண்களும் இருந்தன. 1995 மார்ச்சில் இலங்கை நியூசிலாந்தில் முதன்முதலாக அந்நிய மண்ணில் டெஸ்ட் தொடர் ஒன்றை வென்றிருந்தது. அதே ஆண்டில் பாகிஸ்தானில், முதல் ஆட்டத்தில் தோற்றும் 2-1 என்று தொடரைக் கைப்பற்றியது. ஷார்ஜாவிலும் கிண்ணம் வென்றது. 1996 ஜனவரியில் அவுஸ்திரேலியாவில் களுவிதாரண தொடக்க வீரராக உயர்த்தப்பட்டார். ஜயசூரியவும் அவரும் முதல் பதினைந்து ஓவர்களையே அடித்தாடும் களமாக்கிக்கொண்டனர். இருபது ஆண்டுத் தோல்விகளையும் ஓராண்டு எழுச்சியையும் ஒரே தட்டில் இட்டு நிறுத்ததே என் குற்றம்.

இரண்டாவது குற்றம், எந்த மலையில் பறித்த கொழுந்து என்று கேளாதது. இலங்கைக்கு டெஸ்ட் தகுதி கிடைத்ததே 1981இல்தான். 1987 ஏப்ரலில் கொழும்பில் குண்டு வெடித்ததும் நியூசிலாந்து அணி பயணத்தை இடைநிறுத்தித் திரும்பியது. அதன்பின் 1992 ஆகஸ்ட் வரை இம்மண்ணில் ஒரு டெஸ்ட் ஆட்டமும் நடைபெறவில்லை. ஐந்து ஆண்டுகள் சொந்த ஆடுகளத்தைக் காணாத அணியின் தோல்விகளில் எத்தனை பங்கு வீரர்களுடையது, எத்தனை பங்கு போரினுடையது? அட்டவணை அதைப் பிரித்துக் காட்டவில்லை. நானும் பிரித்துப் பார்க்கவில்லை.

மூன்றாவது, எண்ணிக்கையின் சிறுமை. அதற்கு முந்திய ஐந்து இறுதியாட்டங்களிலும் முதலில் துடுப்பெடுத்த அணியே வென்றிருந்தது. லாகூரில் நாணயச் சுழற்சியில் வென்ற அர்ஜுன ரணதுங்க எதிரணியைத் துடுப்பெடுக்கச் சொன்னார். ஐந்துக்கு ஐந்து என்பது கேட்க உறுதியாகத் தோன்றும். உண்மையில் அது ஐந்தே ஆட்டங்கள். தன் அணி இலக்கைத் துரத்துவதில் வல்லது என்பதை அவர் அறிந்திருந்தார். அரவிந்த டி சில்வா ஆட்டமிழக்காமல் 107 ஓட்டங்கள் பெற்று அந்த முடிவை மெய்ப்பித்தார்.

புள்ளிவிபரத்தை ஒரு கலையாகவே வளர்த்த விளையாட்டு அமெரிக்கரின் பேஸ்போல். எடுத்த ஓட்டங்களையும் கொடுத்த ஓட்டங்களையும் கொண்டே ஓர் அணி எத்தனை ஆட்டங்கள் வெல்லத்தக்கது என்று கணிக்கும் சூத்திரத்தை பில் ஜேம்ஸ் என்பவர் வகுத்தார். அங்கு ஒரு பருவத்தில் ஓர் அணி 162 ஆட்டங்கள் ஆடுவதால் அதிர்ஷ்டமும் துரதிர்ஷ்டமும் பெரும்பாலும் ஒன்றையொன்று ஈடுசெய்துகொள்ளும். கணிப்புக்கு ஓரளவு நம்பகம் உண்டு. ஆயினும் எண்களை நம்பி மலிவான வீரர்களைத் திரட்டிய ஓக்லண்ட் அணி, 2002இல் 103 வெற்றிகள் பெற்றும் அடுத்து வந்த ஐந்து ஆட்டத் தொடரில் மினசோட்டாவிடம் தோற்று வெளியேறியது. நீண்ட கணக்குத் தரத்தைக் காட்டலாம்; ஒரு வாரத்தின் முடிவை அது உறுதி செய்யாது.

இவற்றையெல்லாம் திருத்திக்கொண்டாலும் எந்த அட்டவணையிலும் அடங்காத ஒன்று எஞ்சுகிறது. 1995 டிசம்பர் 26ஆம் திகதி மெல்பேர்ணில் முத்தையா முரளிதரனின் பந்தை நடுவர் ஒருவர் ஏழு முறை முறையற்றது என்று அறிவித்தார். அன்றைய ஏட்டில் அவர் கணக்கு ஒரு களங்கமாகவே பதிவாயிற்று. மூன்று மாதங்களுக்குள் லாகூர் இறுதியாட்டத்தில் 10 ஓவர்களில் 31 ஓட்டங்களே கொடுத்தவரும் அவரே. 2010இல் 800 டெஸ்ட் விக்கெட்டுகளோடு அவர் விடைபெற்றார். தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்யத் தென்னிந்தியாவிலிருந்து வந்தவரின் பேரன் அவர். கண்டியில் அவருக்கு நல்ல பாடசாலையும் ஆடுகளமும் வாய்த்தன. பலாங்கொடை மலைகளில் லயத்து முற்றத்தில் பந்து வீசிய எத்தனையோ பிள்ளைகளுக்கு அவை வாய்க்கவில்லை. ஆடாதவனுக்குச் சராசரி கிடையாது. ஆகவே அவன் எந்தக் கணிப்பிலும் இல்லை. ஓர் அணியின் தரம் என்று நாம் எழுதுவது, வாய்ப்புக் கிடைத்தவர்களின் தரம் மட்டுமே.

இன்றும் யாராவது அட்டவணையோடு வந்து ஓர் அணியை எடைபோட்டால் நான் மறுப்பதில்லை. எத்தனை நாள் கணக்கு, எந்த மலையில் பறித்தது, கூடையே கொடுக்கப்படாதவர் எத்தனை பேர் என்று மூன்று கேள்விகள் மட்டும் கேட்பேன். 1996 பெப்ரவரியில் அவற்றை என்னிடமே கேட்டிருக்க வேண்டும்.