உட்பதிய மேற்பரப்புகளில் நுண்ணுயிர்த் தடுப்பு

உடைந்த எலும்பைச் சேர்க்கும் பிளேட், ராடு, ஸ்க்ரூ, தேய்ந்த மூட்டுக்குப் பதிலாகப் பொருத்தும் செயற்கை மூட்டு, இதய வால்வு, பேஸ்மேக்கர் முதலிய, உடலுக்குள் வைத்துத் தைத்துவிடும் கருவிகளுக்கு உட்பதியம் என்பது பொதுப்பெயர். இவற்றின்மேல் பாக்டீரியா ஒட்டிக் குடியேறாதபடி மேற்பரப்பை அமைப்பது மருத்துவமும் உலோகவியலும் கலந்த துறை. கப்பலின் அடிப்பக்கத்தைக் காக்கும் பழைய கலையோடும் இதற்கு உறவு உண்டு. ஆகவே நாகப்பட்டினம் மீன்பிடித் துறைமுகத்திலிருந்து இதைப் பார்க்கத் தொடங்குவது பொருத்தமே.

படகும் எலும்பும்

கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். படகுகளைக் கரையேற்றி மராமத்துப் பார்ப்பது அப்போதுதான். அடிப்பலகையில் கொட்டலசு அடை அடையாக அப்பியிருக்கும். அதைச் சுரண்டி எடுத்துவிட்டு, தாமிர ஆக்சைடு கலந்த வண்ணம் பூசுவார்கள். கொட்டலசு நேரே வந்து ஒட்டிவிடுவதில்லை. தண்ணீரில் இறங்கிய பரப்பில் முதலில் கரிமப் பொருள்கள் படியும், அதன்மேல் பாக்டீரியா வழவழவென்று ஒரு படலம் கட்டும், மற்றவை அதற்குப் பிறகு வரும். உடலுக்குள் வைத்த டைட்டானியத்துக்கும் தொடக்கம் இதேதான். தண்ணீருக்குப் பதில் ரத்தம்; சில நொடிகளில் ஃபைப்ரினோஜன், ஆல்புமின் முதலிய புரதங்கள் அதை மூடிவிடும். ஸ்டாஃபிலோகாக்கஸ் என்ற பாக்டீரியா பற்றிக்கொள்வது அந்தப் புரதப் போர்வையை.

பற்றியபின் அது பெருகி, தன்னைச் சுற்றிப் பசை சுரந்து, உயிர்ப்படலமாக மாறும். திரவத்தில் மிதக்கும் பாக்டீரியாவைக் கொல்லும் அளவைப்போல் ஆயிரம் மடங்கு மருந்து கொடுத்தாலும் படலத்துக்குள் இருப்பது பிழைத்துக்கொள்வதுண்டு. ரத்த ஓட்டமில்லாத உலோகத்தை வெள்ளணுக்களாலும் சரியாகக் காக்க முடியாது. 1957-இல் எலெக், கோனென் இருவரும் தன்னார்வலர்களின் தோலில் செய்த சோதனை இதை அப்பட்டமாகக் காட்டியது. வெறும் தோலில் சீழ் வைக்கப் பல லட்சம் பாக்டீரியா தேவைப்பட்டது. ஒரு பட்டுத் தையல் நூல் உள்ளே இருந்தபோது சில நூறே போதுமாக இருந்தது. முற்றிய தொற்றுக்குப் பெரும்பாலும் மறு அறுவைதான் வழி. வைத்ததை எடுத்து, கிருமி தீரும்வரை காத்திருந்து, வேறொன்றை வைக்க வேண்டும்.

1987-இல் அந்தோனி கிரிஸ்டினா இதை ஒரு பந்தயமாக விளக்கினார். உடலின் செல்கள் முந்தி வந்து பரப்பை மூடினால் கருவி நிலைக்கும், பாக்டீரியா முந்தினால் கெடும். காவிரி டெல்டா விவசாயிக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை. நட்ட பயிர் விரைவாகத் தூர் கட்டி வயலை மூடிவிட்டால் கோரைக்கு வெயில் கிடைக்காது. சுணங்கினால் களை முந்திக்கொள்ளும். களைக்கொல்லி அளவு மீறினால் பயிரும் கருகும் என்பதுதான் இத்துறையின் மையச் சிக்கல். பாக்டீரியா ஒட்டாத பரப்பில் எலும்புச் செல்லும் ஒட்ட மறுக்கிறது.

வடிவத்தால் தடுத்தல்

சுறாவின் தோலைத் தலையிலிருந்து வால்நோக்கித் தடவினால் கை வழுக்கிக்கொண்டு போகும். எதிர்த்திசையில் தடவினால் உப்புத்தாளைப்போல அறுக்கும். உலர்ந்த சுறாத்தோலால் மரத்தை இழைத்தவர்களும் உண்டு. பல்லைப் போன்ற நுண்செதில்கள் வரிசையாக அடுக்கியிருப்பதே காரணம். அமெரிக்கக் கடற்படைக் கப்பல்களில் பாசி ஒட்டுவதைத் தடுக்க வழி தேடிய ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்தின் அந்தோனி பிரென்னன், இந்த அடுக்கைப் பார்த்து 'ஷார்க்லெட்' என்ற வடிவத்தை உருவாக்கினார். சிலிகோனில் 2 மைக்ரோமீட்டர் அகலமும் 3 மைக்ரோமீட்டர் உயரமும் கொண்ட மேடுகள் வைர வடிவில் நிற்கும். மருந்து எதுவும் அதில் இல்லை. 2007-இல் வெளியான ஆய்வில், வழவழப்பான சிலிகோனில் 14 நாளில் உயிர்ப்படலம் முற்றியது. ஷார்க்லெட்டில் அதன் தொடக்கமே 21-ஆம் நாளில்தான் தெரிந்தது. ஆனால் அது ஆய்வகத் தட்டில் நடந்தது. ரத்தமும் புரதமும் நிறைந்த உடலுக்குள் அல்ல.

வயல்வெளியில் மழைக்கு முன் கூட்டமாகத் தாழப் பறக்கும் தட்டானின் இறகும், சில்வண்டின் இறகும் வேறு முன்மாதிரிகள். 2012-இல் ஆஸ்திரேலியாவின் ஸ்வின்பர்ன் பல்கலைக்கழகத்தில் எலெனா இவனோவா குழுவினர், சில்வண்டு இறகிலுள்ள நானோ தூண்கள் சூடோமோனாஸ் பாக்டீரியாவின் சவ்வைச் சில நிமிடங்களில் கிழித்துவிடுவதைக் கண்டனர். தடித்த சுவருள்ள ஸ்டாஃபிலோகாக்கஸ் அதற்கு அசையவில்லை. எலும்புத் தொற்றின் முதற்குற்றவாளி அதுதான் என்பதால் இந்தக் குறை சிறியதல்ல. தட்டான் இறகும், அதை ஒத்த கருஞ்சிலிக்கானும் இரண்டு வகையையும் கொல்வதாக 2013-இல் அதே குழு காட்டியது. செத்த பாக்டீரியாவின் சக்கை தூண்களுக்கிடையே அடைத்துக்கொண்டால் அடுத்து வருவதற்கு அதுவே மெத்தை. இதற்கு இன்னும் நல்ல விடை இல்லை.

தமிழ்நாட்டில் இந்தக் கேள்வி மருத்துவமனைக்கு வெளியிலும் எழுந்தது. கடல்நீரால் குளிர்விக்கும் நீராவி ஒடுக்கிக் குழாய்களில் பாக்டீரியா படிவது கல்பாக்கம் அணுமின் நிலையத்தின் தலைவலி. இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தினர், மின்வேதி முறையில் ஆக்சைடு வளர்த்த டைட்டானியத்தின்மேல் ஒளி பட்டால் பாக்டீரியா ஒட்டுவது குறைவதை ஆராய்ந்தனர். எலும்புக்குள் வெளிச்சம் போகாது என்பதால் அந்த வழியை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. தஞ்சாவூரை அடுத்த திருமலைசமுத்திரத்தில் சாஸ்த்ரா பல்கலைக்கழகம், உயிர்ப்பொருள்களுக்கான நானோ மையத்தோடு, பாக்டீரியாக்கள் தமக்குள் வேதிக்குறிப்புகளால் பேசிக்கொள்வதைக் குலைக்கும் ஆய்வையும் நடத்துகிறது. பேச்சு நின்றால் படலம் கட்ட ஆள் சேராது என்பது எண்ணம்.

மருந்தால் தடுத்தல்

நடைமுறையில் இன்றும் அதிகம் கைகொடுப்பது மருந்து கலந்த பூச்சுதான். 1970-இல் ஹாம்பர்க்கில் புக்ஹோல்ட்ஸ், மூட்டை ஒட்டவைக்கும் எலும்பு சிமெண்டில் ஜென்டாமைசின் கலந்தார். சிமெண்ட் இறுகும்போது கடுமையாகச் சூடேறும். அந்தச் சூட்டுக்குக் கெடாத மருந்துகளே இதற்கு உதவும். இந்திய அறுவை அரங்குகளில் இதன் எளிய வடிவம் ஒன்று உண்டு. நெஞ்சில் நீர் வடிக்கப் போடும் பிளாஸ்டிக் குழாயை அச்சாக வைத்து, உள்ளே மெல்லிய கம்பியைச் செருகி, வான்கோமைசின் கலந்த சிமெண்டை ஊற்றுவார்கள். காரமான நெடி அரங்கெங்கும் பரவும். இறுகியதும் குழாயைக் கீறி உரித்தால் மருந்து ராடு தயார். தொழிற்சாலையில் செய்த பூச்சுகளைவிட விலை மிகக் குறைவு. மருந்து ஒரே சீராக வெளிவரும் என்ற உறுதி மட்டும் இல்லை.

பேஸ்மேக்கரைச் சுற்றிப் போடும் மருந்து உறைக்குச் சான்று வலுவானது. ஏறத்தாழ 7,000 பேரிடம் நடந்து 2019-இல் வெளியான சோதனையில், ஓராண்டுக்குள் வந்த பெருந்தொற்று 1.2 சதவீதத்திலிருந்து 0.7 சதவீதமாகக் குறைந்தது.

வெள்ளியின் கதை வேறு. செயின்ட் ஜூட் நிறுவனம் 1990-களின் இறுதியில், 'சில்சோன்' என்ற பெயரில், தையல் வளையத்தில் வெள்ளி பூசிய இதய வால்வைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. வால்வின் ஓரமாக ரத்தம் கசிவது கூடியதால் 2000 ஜனவரியில் திரும்பப் பெற்றது. வளையத்தைத் திசு சரியாகப் பற்றவில்லை. மேலே சொன்ன களைக்கொல்லிச் சிக்கல் நோயாளிகளிடமே தெரிந்தது அப்போதுதான். வெள்ளிப் பூச்சையே இதனால் ஒதுக்கிவிடவில்லை. எலும்புப் புற்றை அகற்றியபின் வைக்கும் பெரிய செயற்கை உறுப்புகளில் இன்றும் அது பயன்படுகிறது.

சேறு பட்ட காயம்

டெல்டாவில் இத்துறையின் கடினமான தேர்வு, வயலிலோ சாலையோரத்திலோ எலும்பு வெளியே தெரிய முறிந்த கால். இத்தகைய முறிவுகளை 1976-இல் வகைப்படுத்திய கஸ்டிலோ, ஆண்டர்சன் முறையின்படி, பண்ணை மண் பட்ட காயம் சிறியதானாலும் மிகக் கடுமையான மூன்றாம் வகையில் சேரும். கோவை கங்கா மருத்துவமனையின் எஸ். ராஜசேகரன் குழு 2006-இல் வெளியிட்ட மதிப்பெண் முறையிலும் சாக்கடை, பண்ணை மண் பட்டிருந்தால் 2 மதிப்பெண் கூடும்; காயத்தைச் சுத்தம் செய்ய 12 மணி நேரத்துக்குமேல் ஆனால் இன்னொரு 2. மொத்தம் 14-க்குள் இருந்தால் காலைக் காப்பாற்ற முயலலாம். 17-ஐத் தொட்டால் பெரும்பாலும் காலை எடுக்க நேரும். சேற்றோடு வரும் பாக்டீரியாவின் எண்ணிக்கைக்கு முன்னால் எந்தப் பூச்சும் சிறியது. நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவி, செத்த திசுவை வெட்டி நீக்கியபின்தான் மேற்பரப்பின் முறை வரும்.

சோதனையும் சட்டமும்

பரப்பின் கொல்திறனை அளக்கப் பரவலாகப் பயன்படும் ஐஎஸ்ஓ 22196 முறையில், பாக்டீரியாக் கரைசலைப் பரப்பின்மேல் விட்டு, மெல்லிய பிளாஸ்டிக் தாளால் மூடி, 35 டிகிரி வெப்பத்தில் ஈரம் காயாமல் 24 மணி நேரம் வைக்கிறார்கள். அதில் ரத்தப் புரதமும் இல்லை, போட்டிக்கு எலும்புச் செல்லும் இல்லை. விளம்பரத்தில் வரும் '99.9 சதவீதம்' பெரும்பாலும் இத்தகைய சோதனையிலிருந்து வருவது. பாக்டீரியாவையும் எலும்புச் செல்லையும் ஒரே பரப்பில் சேர்த்து வளர்த்துப் பார்க்கும் சோதனைகள் ஆய்வகங்களில் இருக்கின்றன. பொதுத் தரமாக அவை இன்னும் ஏற்கப்படவில்லை.

இந்தியாவில் 2018 ஜனவரி 1 முதல் நடப்பிலுள்ள மருத்துவக் கருவி விதிகள் கருவிகளை ஏ முதல் டி வரை பிரிக்கின்றன. டி அதிக ஆபத்து கொண்டவற்றுக்கு உரியது. 2017 ஆகஸ்டில் முழங்கால் மூட்டுகளுக்கு விலை உச்சவரம்பு வந்தது. கூடுதல் பூச்சுக்கு ஆகும் செலவை அந்த வரம்புக்குள் யார் ஏற்பது என்பது ஒரு கேள்வி.