முதல் தெரிவும் நான்காம் தெரிவும்: புனே அணிக்கு வீரர்கள் பங்கிடப்பட்ட வரலாறு

2015 டிசம்பர் 15 அன்று மும்பையில், 50 கிரிக்கெட் வீரர்களின் பெயர்கள் அடங்கிய பட்டியல் ஒன்று இரண்டு புதிய அணிகளின் உரிமையாளர்கள்முன் வைக்கப்பட்டது. முதலில் தெரிவு செய்யும் உரிமை புனே அணிக்கு. அது மகேந்திர சிங் தோனியை எடுத்துக்கொண்டது. அடுத்து ராஜ்கோட் அணி சுரேஷ் ரெய்னாவை எடுத்தது. இவ்வாறு மாறி மாறி, அணிக்கு ஐவராகப் பத்துப் பேர் பங்கிடப்பட்டனர். எஞ்சிய 40 பேரும் தெரிவு செய்யப்படாதவர்களாய் நின்றனர்.

இந்தியன் பிரீமியர் லீக்கில் ஏலமே வழக்கம். டிராஃப்ட் எனப்படும் வரிசைத் தெரிவு அங்கு அரிது. ஏலத்தில் ஒரு வீரரின் விலையைப் போட்டியாளர்கள் கூடி ஏற்றுகின்றனர். டிராஃப்டிலோ ஒவ்வோர் அணியும் தன் மனத்திலுள்ள தரவரிசையை வெளிப்படையாக அறிவித்தாக வேண்டும். ஆகவே அன்று உருவான வரிசை, அணிகள் எதை மதித்தன என்பதைக் காட்டும் நல்ல வரலாற்று ஆவணம். அதற்குப் பின் நடந்தவற்றோடு அதை ஒப்பிட்டுப் படிப்பது பயனுள்ளது.

அந்தப் பட்டியல் பிறந்த சூழலை முதலில் நினைவுகூர வேண்டும். 2015 ஜூலை 14 அன்று, உச்ச நீதிமன்றம் அமைத்த நீதிபதி ஆர்.எம். லோதா குழு, சென்னை சூப்பர் கிங்ஸ், ராஜஸ்தான் ராயல்ஸ் அணிகளை நடத்திய நிறுவனங்களை இரண்டு ஆண்டுகளுக்கு இடைநீக்கம் செய்தது. அணி நிர்வாகங்களோடு தொடர்புடையோர் சூதாட்டத்தில் ஈடுபட்டதே காரணம். தண்டனை நிறுவனங்களுக்கு விதிக்கப்பட்டது. ஆனால் அதன் விளைவாக அணியை இழந்தவர்கள் வீரர்கள். அந்த இரு அணிகளின் வீரர்களே டிசம்பர் பட்டியலில் இருந்த 50 பேரும்.

புனேவுக்கு முதல் தெரிவு கிடைத்த முறையும் கவனத்துக்குரியது. டிசம்பர் 8 அன்று நடந்தது தலைகீழ் ஏலம். வாரியத்தின் மைய வருவாயிலிருந்து 40 கோடி ரூபாயை உச்சவரம்பாகக் கொண்டு, அதில் எவர் குறைந்த தொகையைக் கேட்கிறாரோ அவருக்கே அணி என்பது விதி. சஞ்சீவ் கோயங்காவின் நியூ ரைசிங் நிறுவனம் கழித்தல் 16 கோடி என்று கேட்டது. இன்டெக்ஸ் நிறுவனம் கழித்தல் 10 கோடி கேட்டது. அதாவது, வாரியத்திடமிருந்து எதையும் பெறாமல், தாமே அத்தொகையைச் செலுத்த இருவரும் முன்வந்தனர். கூடுதலாக விட்டுக்கொடுத்த புனேவுக்கு முதல் தெரிவுரிமை வந்தது.

டிராஃப்ட் முறை வேரூன்றிய வட அமெரிக்காவில் அதன் நோக்கமே வேறு. ஐஸ் ஹாக்கியின் தேசிய ஹாக்கி லீக் 1963 முதல் டிராஃப்ட் நடத்திவருகிறது. முந்தைய பருவத்தில் பின்தங்கிய அணிகளுக்கு முன்னுரிமை தந்து, அணிகளுக்கிடையே சமநிலையைப் பேணுவதே அங்குள்ள கொள்கை. மும்பையில் அந்த முறையின் வடிவம் மட்டுமே இறக்குமதியானது. முதலிடம் பணத்தால் தீர்மானிக்கப்பட்டது.

தெரிவின் ஒவ்வோர் இடத்துக்கும் விலை முன்கூட்டியே நிர்ணயிக்கப்பட்டிருந்தது: முதலிடத்துக்கு 12.5 கோடி, இரண்டாம் இடத்துக்கு 9.5, மூன்றாம் இடத்துக்கு 7.5, நான்காம் இடத்துக்கு 5.5, ஐந்தாம் இடத்துக்கு 4 கோடி. புனே முறையே தோனி, அஜிங்க்ய ரஹானே, ரவிச்சந்திரன் அஸ்வின், ஸ்டீவ் ஸ்மித், ஃபாஃப் டு பிளெசி ஆகியோரைத் தெரிவு செய்தது. ராஜ்கோட் ரெய்னா, ரவீந்திர ஜடேஜா, பிரெண்டன் மெக்கல்லம், ஜேம்ஸ் ஃபாக்னர், டுவைன் பிராவோ ஆகியோரை எடுத்தது. 66 கோடி மொத்த வரம்பில் இரு அணிகளும் 39 கோடியை அன்றே செலவழித்து, 27 கோடியுடன் பிப்ரவரி ஏலத்துக்குச் சென்றன.

இந்த வரிசை எதை அளந்தது? இரு அணிகளும் முதல் இரண்டு இடங்களை இந்திய வீரர்களுக்கே ஒதுக்கின. களத்தில் நான்கு வெளிநாட்டினருக்குமேல் ஆட முடியாது என்ற விதி அதற்கு ஒரு காரணம். கடந்த எட்டுப் பருவங்களின் நினைவு மற்றொரு காரணம். தோனியும் ரெய்னாவும் சென்னையின் முகங்கள். 2010, 2011 கோப்பைகளின் அடையாளங்கள். ஊர்ப்பெயர் மட்டுமே உடைய புதிய அணிக்கு ஒரு முகம் தேவைப்பட்டது. ஸ்மித் அப்போதே ஆஸ்திரேலியாவின் டெஸ்ட் தலைவர். 2012, 2013 ஆண்டுகளில் பழைய புனே வாரியர்ஸ் அணிக்கு ஆடியவர். ஆயினும் நான்காம் இடமே அவருக்குக் கிடைத்தது. கடந்தகாலப் புகழும் வருங்கால ஆட்டமும் ஒரே எண்ணால் குறிக்கப்பட்டதுதான் இந்த வரிசையின் அடிப்படைச் சிக்கல்.

2016 பருவத்தின் முடிவில் தீர்ப்பு எளிதாகத் தோன்றியது. ராஜ்கோட்டின் குஜராத் லயன்ஸ் 18 புள்ளிகளுடன் லீக் சுற்றில் முதலிடம் பிடித்தது. ரைசிங் புனே சூப்பர்ஜயன்ட்ஸ் 14 ஆட்டங்களில் 5 வெற்றிகளுடன் ஏழாம் இடத்தில் முடித்தது. ஸ்மித், டு பிளெசி, கெவின் பீட்டர்சன், மிட்செல் மார்ஷ் ஆகிய நால்வரும் காயத்தால் விலகினர். மகாராஷ்டிர வறட்சியை முன்னிட்டு மும்பை உயர் நீதிமன்றம் பிறப்பித்த ஆணையால், ககுஞ்சே மைதானத்தில் நடக்கவிருந்த எஞ்சிய ஆட்டங்கள் விசாகப்பட்டினத்துக்கு மாறின. வீரர் பட்டியல் எதுவும் காயத்தையும் வறட்சியையும் கணக்கில் கொள்வதில்லை.

அடுத்த ஆண்டு நிலை தலைகீழானது. 2017 பிப்ரவரி 19 அன்று, ஏலத்துக்கு முந்தைய நாள், தோனிக்குப் பதிலாக ஸ்மித் தலைவராக அறிவிக்கப்பட்டார். முதல் தெரிவின்மேல் நான்காம் தெரிவு அமர்த்தப்பட்டது. அணியின் பெயரிலிருந்த பன்மையும் நீங்கிச் சூப்பர்ஜயன்ட் ஆயிற்று. மறுநாள் ஏலத்தில் பென் ஸ்டோக்ஸ் 14.5 கோடிக்கு வாங்கப்பட்டார். அணி 18 புள்ளிகளுடன் இரண்டாம் இடம் பெற்றது. குஜராத் ஏழாம் இடத்துக்கு இறங்கியது. இரு பருவங்களில் இரு அணிகளும் ஏறக்குறைய இடம் மாறிக்கொண்டன.

புனேவின் இந்த எழுச்சியில் 2015 பட்டியலுக்கு வெளியே இருந்தவர்களின் பங்கு பெரிது. 30 லட்சத்துக்கு வாங்கப்பட்ட ஜெயதேவ் உனாட்கட் 24 விக்கெட்டுகள் எடுத்தார். ஏலத்தில் எவரும் கேட்காத இம்ரான் தாஹிர், காயமுற்ற மார்ஷுக்கு மாற்றாக வந்து 18 விக்கெட்டுகள் எடுத்தார். மகாராஷ்டிர அணிக்கு ஆடிவந்த ராகுல் திரிபாதி 10 லட்சத்துக்கு வாங்கப்பட்டு 391 ரன் குவித்தார்.

தமிழ் வாசகர்களுக்கு இதில் தனிக் கவனம் கோரும் நிகழ்ச்சி ஒன்று உண்டு. மூன்றாம் தெரிவான அஸ்வின் காயத்தால் அந்தப் பருவம் முழுவதும் ஆடவில்லை. அவருக்கு மாற்றாகச் சேர்க்கப்பட்டவர் சென்னையின் 17 வயது வாஷிங்டன் சுந்தர். மே 16 அன்று வான்கடே மைதானத்தில் மும்பைக்கு எதிரான தகுதிச்சுற்றில், முதலில் ஆடிய புனேவுக்காகத் தோனி 26 பந்துகளில் ஆட்டமிழக்காமல் 40 ரன் எடுத்தார். பின்னர் சுந்தர் 16 ரன் கொடுத்து 3 விக்கெட் வீழ்த்தினார். ஆட்டநாயகன் விருது சுந்தருக்கே. முதல் தெரிவும், எந்தத் தெரிவிலும் இடம்பெறாத சிறுவனும் சேர்ந்து அணியை இறுதிப் போட்டிக்குக் கொண்டுசென்றனர்.

மே 21 அன்று ஐதராபாத்தில் நடந்த இறுதிப் போட்டியில் மும்பை 129 ரன் எடுத்தது. புனே 128-இல் நின்றது. அந்தப் பருவத்தில் மூன்று முறை வென்ற எதிரணியிடம் நான்காம் முறை ஒரு ரன்னில் தோற்றது. அந்த ஒரு ரன் கிடைக்காததை வைத்து, 2015-இல் செய்த தெரிவுகள் தவறு என்று எவரும் வாதிட முடியாது. கிடைத்திருந்தால் அவை சரியென்று வாதிட்டிருப்பர். பின்னோக்கிய தீர்ப்புகளின் வலுவின்மை இங்கே தெளிவாகிறது.

ஐஸ் ஹாக்கியின் வரலாறும் இதையே உரைக்கிறது. 18 வயதை எட்டும் வீரர்களைத் தரவரிசைப்படுத்த அந்த லீக் 1975 முதல் தனிப் பிரிவே வைத்திருக்கிறது. ஆயினும் 1998-இல் பாவெல் தட்சுக் 171-ஆம் இடத்திலும், 1999-இல் ஹென்ரிக் செட்டர்பெர்க் 210-ஆம் இடத்திலுமே தெரிவு செய்யப்பட்டனர். இருவரும் டெட்ராய்ட் அணியின் தூண்களாக விளங்கி 2008-இல் ஸ்டான்லி கோப்பையை வென்றனர். 1991-இல் முதல் தெரிவான எரிக் லிண்ட்ரோஸ், தம்மைத் தெரிவு செய்த கியூபெக் அணிக்கு ஆட மறுத்து ஓராண்டு விலகி நின்றார். 1992-இல் அவர் பிலடெல்பியாவுக்குக் கைமாற்றப்பட்டார். ஈடாகக் கியூபெக்குக்குக் கிடைத்தவர்களுள் ஒருவர், அதே 1991 டிராஃப்டின் ஆறாம் தெரிவான பீட்டர் ஃபோர்ஸ்பெர்க். அந்த அணி 1995-இல் டென்வருக்கு இடம்பெயர்ந்து, மறு ஆண்டே கோப்பையை வென்றது. லிண்ட்ரோஸ் கடைசிவரை அதை வெல்லவில்லை.

லிண்ட்ரோஸின் மறுப்பை இந்தியச் சூழலோடு ஒப்பிடும்போது வேறொரு கேள்வி எழுகிறது. 2010-இல் ரவீந்திர ஜடேஜா, மற்றோர் அணியுடன் தாமே பேச முயன்றதற்காக அந்தப் பருவம் முழுவதும் ஆடத் தடை விதிக்கப்பட்டார். ஐந்து ஆண்டுகளுக்குப் பின் அதே ஜடேஜா, தாம் செய்யாத குற்றத்துக்காகக் கலைக்கப்பட்ட அணியிலிருந்து இரண்டாம் தெரிவாக ராஜ்கோட்டுக்கு அனுப்பப்பட்டார். தன் இடத்தைத் தானே தேடிய வீரருக்குத் தண்டனை. பிறர் பிழையால் இடம்பெயர்க்கப்பட்ட வீரருக்கு விலை. தரவரிசைகளைப் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் தெரிவு செய்தவரின் கூர்மையையே அளக்கின்றன. தெரிவு செய்யப்பட்டவருக்கு அதில் என்ன குரல் இருந்தது என்பதும் ஆராய வேண்டிய பொருள்.

தெரிவு செய்யப்படாதவர்களின் பின்கதையும் அதே அளவு முக்கியமானது. இரு அணிகளும் கடந்துசென்ற ஷேன் வாட்சன், 2016 பிப்ரவரி ஏலத்தில் பெங்களூர் அணியால் 9.5 கோடிக்கு வாங்கப்பட்டார். அந்த ஏலத்தின் மிக உயர்ந்த விலை அதுவே. டெல்லிக்கு 4.2 கோடிக்குச் சென்ற சஞ்சு சாம்சன், 2025 நவம்பரில் சென்னைக்கு வந்தார். அவருக்கு ஈடாகச் சென்னை கொடுத்த இருவருள் ஒருவர் ஜடேஜா.

2018-இல் புதிய அணிகள் மறைந்தன. பழைய அணிகள் மீண்டன. 30 லட்சத்து உனாட்கட் 11.5 கோடிக்கு ராஜஸ்தான் சென்றார். ஸ்மித்தை அதே ராஜஸ்தான் 12.5 கோடிக்குத் தக்கவைத்தது. 2015-இல் முதல் தெரிவுக்கு விதிக்கப்பட்ட விலை அது. ஆனால் கேப் டவுனில் பந்தைச் சேதப்படுத்திய விவகாரத்தால் அவர் அப்பருவத்தில் ஆடவே இல்லை. காவிரிப் போராட்டத்தின் காரணமாகச் சென்னையின் உள்ளூர் ஆட்டங்கள் சேப்பாக்கத்திலிருந்து புனேவுக்கு மாற்றப்பட்டன. ஏப்ரல் 20 அன்று ககுஞ்சே மைதானத்தில் சென்னையும் ராஜஸ்தானும் மோதின. 50 பெயர்களை அந்தப் பட்டியலுக்குத் தந்த அதே இரு அணிகள். சென்னையிலிருந்து ரசிகர்கள் தனி ரயிலில் வந்திருந்தனர். ஒருபுறம் தோனி, ரெய்னா, ஜடேஜா, பிராவோ. மறுபுறம் ரஹானே, ஸ்டோக்ஸ், உனாட்கட், திரிபாதி, சாம்சன். சென்னை 64 ரன் வித்தியாசத்தில் வென்றது. அன்று சதம் அடித்தவர், 2015 டிசம்பரில் புனேவும் ராஜ்கோட்டும் வேண்டாமென்று விட்ட வாட்சன்.